ஆறு மணிக் குருவி

எங்கள் ஊருக்கே ஒரு பறவையின் பெயர். அம்பிகை மயில் உருக்கொண்டு ஈசனைப் பூஜித்த தலம் என்பது புராணம். மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கி வந்த ஊரை 1982-ஆம் வருஷத்தில் பழையபடி மயிலாடுதுறை என்று ஆக்கியபோது ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கத் தொடங்கிய நான், அறுபத்திரண்டு வயது வரையில் ஒரு பறவையையாவது நின்று பார்த்தவன் அல்லன். காக்கை தெரியும், அமாவாசையன்று அதனிடம் நமக்குக் காரியம் இருக்கிறது. கிளி தெரியும், ஜோசியனுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கும். மற்றவையெல்லாம் என் அகராதியில் 'குருவி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

அப்படிப்பட்டவனைப் பிடித்துக் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்த்தி வைத்த புண்ணியம் கண்புரையைச் சேர்ந்தது.

2022-ஆம் வருஷம் செப்டம்பர் கடைசியில் எனக்கு வலது கண்ணில் சத்திர சிகிச்சை நடந்தது. இடது கண்ணிலும் புரை இருந்தது. அதைத் தை மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். குனியக் கூடாது; கனம் தூக்கக் கூடாது; தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது; டெலிவிஷன் பார்க்கக் கூடாது; முக்கியமாக, ஒரு மாதத்துக்கு ஒன்றும் படிக்கக் கூடாது. ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலான நதிகள் எங்கள் காவிரியில் வந்து கலக்கின்றன என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் துலா ஸ்நானத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்க, துலாக் கட்டத்துக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும் நான் கறுப்புக் கண்ணாடியும் உலர்ந்த தலையுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஸ்நானம் போனதைப் பற்றி எனக்கு அவ்வளவாக வருத்தமில்லை. படிக்கக் கூடாது என்றதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நான் பெரிய படிப்பாளி என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். சில வருஷங்களாக நான் படித்து வந்தது ஒரே ஒரு காகிதக் கட்டைத்தான். அது எனக்கும் என் தமையனாருக்கும் நடந்து வந்த வழக்கின் கட்டு.

எங்கள் தகப்பனார் காலமான பிறகு இந்த வீடு எனக்கும், சீர்காழிக்குக் கிழக்கே உள்ள நிலம் அண்ணனுக்குமாகப் பாகம் ஆயிற்று. வாய்க்கால் ஓரமாக இரண்டு மா நிலம் மட்டும் பத்திரத்தில் தெளிவாகக் குறிக்கப்படாமல் நின்றுவிட்டது. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஆகவே முக்கால் ஏக்கருக்கும் குறைவான மண். அந்த மண்ணுக்காக 2016-ஆம் வருஷம் முதல் இரண்டு பேரும் வக்கீல் வீட்டுக்கு நடந்தோம். பேச்சு வார்த்தை நின்றது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் நான் இரண்டாம் பந்தி. பகல் வேளை எப்படியோ கழிந்துவிடும். இரவு படுக்கையில் சாய்ந்ததும் மனத்துக்குள் கோர்ட்டு கூடிவிடும். நானே வாதி, நானே வக்கீல், நீதிபதியும் நானே. தினந்தோறும் எனக்கே ஜெயம் கிடைத்து வந்தது. தூக்கம்தான் கிடைக்கவில்லை.

மனச்சாந்திக்கு நான் முயற்சி செய்யாமலும் இல்லை. மூச்சை அடக்கிப் பார்த்தேன். மாத்திரை விழுங்கிப் பார்த்தேன். க்ஷேத்திரங்கள் சிலவற்றுக்கும் போய்வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மனத்தை ஒரு நிலையில் நிறுத்தும்படி பெரியவர்கள் போதித்தார்கள். என் விஷயத்தில், கண்ணை மூடினால் கோர்ட்டுக் கதவு திறந்துகொள்ளும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

"உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இந்த ஒரு மாதமாவது கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, என் மனைவி சாய்வு நாற்காலியைக் கொல்லைத் தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்கள் கொல்லை பிரமாதமான தோட்டம் ஒன்றுமில்லை. கிணறு, துவைக்கும் கல், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, சாக்கடை நீர் பாயும் இடத்தில் நாலைந்து வாழை, வேலியோரம் செம்பருத்தி. கோடியில் தகப்பனார் காலத்து மாட்டுக் கொட்டகை. மாடு இல்லாமல் விறகு கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிழட்டு மாமரம். அதன் அடியில் வருஷக்கணக்காகச் சருகு உதிர்ந்து, மக்கி, புதர் மண்டிக் கிடந்தது. அந்த மூலையைச் சுத்தம் செய்ய ஆள் வைக்க வேண்டும் என்று என் மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுவாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் ஒப்புக்கொள்ளுவேன்.

முதலில் என் கவனத்தைக் கவர்ந்தவை தவிட்டுக் குருவிகள். கவர்ந்தவை என்பதைவிட, காதைத் துளைத்தவை என்பது பொருந்தும். ஏழெட்டுச் சேர்ந்துதான் வரும். தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டும்போது அவை போடும் கூச்சலைக் கேட்டால் பாகப் பிரிவினை நடக்கிறது என்றே தோன்றும். ஒன்றன் வாயிலிருந்து இன்னொன்று புழுவைப் பிடுங்கும். உடனே ஊரே கூடிச் சண்டை. ஆனால் மழை வலுத்ததும் எல்லாம் முருங்கைக் கிளைக்குப் பறந்து, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக உட்கார்ந்துவிடும். ஓரத்தில் இருப்பதற்கு நடு இடம் வேண்டும். அது எழுந்து மற்றவற்றின் முதுகின்மேல் ஏறி நடந்து நடுவில் நுழைந்துகொள்ளும். அரை நாழிகைக்கு முன் கொத்திக்கொண்ட இரண்டும் ஒன்றன் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிட்டுக்கொண்டிருக்கும். இதைக் கண்டு எனக்கு முதலில் உண்டானது சாந்தி அல்ல, எரிச்சல். 'உங்களுக்கென்ன, பத்திரமா பட்டாவா!' என்று நினைத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் மழைநீர் தேங்கியதும் மடையான் ஒன்று வர ஆரம்பித்தது. வயலில் கூசாமல் ஆள் அருகில் போகும் வரை அசையாமல் நிற்பதால் இதற்குக் குருட்டுக் கொக்கு என்றும் ஒரு பெயர் உண்டு. கறுப்புக் கண்ணாடி மாட்டிய நானும் குருட்டுக் கொக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலைப் பொழுதைக் கழித்தோம். அதற்குக் குருடு ஒன்றுமில்லை என்பது, சேற்று நிறத்துத் தவளைக் குஞ்சைச் சேற்றிலிருந்து அது கொத்தி எடுத்தபோது தெரிந்தது. தேன்சிட்டு குளிப்பதை நான் கண்டதும் அந்த நாட்களில்தான். வாழை இலை நடுவில் நாலு சொட்டுத் தண்ணீர் நின்றால் அதற்குப் போதும். இலையில் மார்பை வைத்து வழுக்கி, சிறகடித்து, மறுபடியும் மேலேறி வழுக்கும். குயிலையும் பார்த்தேன். மழைக்காலத்தில் கூவுவதில்லையாதலால் அது எங்கோ போய்விட்டது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். எங்கும் போகவில்லை, வாயைத் திறக்காமல் தென்னையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பெருமழை பெய்யும்போது பறவை என்ன செய்கிறது என்று யோசித்தது உண்டா? நான் யோசித்ததில்லை. அது உடம்பை நிமிர்த்தி, அலகைச் சற்று மேல்நோக்கி உயர்த்தி, இறகுகளை உடலோடு ஒட்ட வைத்துக்கொண்டு உட்காருகிறது. விழும் நீர் அப்படியே வழிந்து போய்விடுகிறது. வாலின் அடியில் சிறிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. மழை விட்ட இடைவேளையில் அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டு இறகெங்கும் பூசிக்கொள்ளும். பிறகு மழை வந்தால் மறுபடியும் நிமிர்ந்து உட்காரும். மழையோடு வாதாடுவது கிடையாது. எதிரே ஒரு கரிச்சான் இவ்விதம் ஒரு மணி நேரம் இருந்ததைப் பார்த்தபடியே நானும் இருந்தேன். உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான், அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மா நிலம் என் நினைவுக்கு வரவேயில்லை என்பது தெரிந்தது.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் இரவு ஒரு மழை பெய்தது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முற்றத்து வழியாக ஏதோ ஒன்று விர்ரென்று உள்ளே வந்து, மின்சார விளக்கைச் சுற்றி, சுவரில் மோதி, ஊஞ்சலுக்கு அடியில் விழுந்தது. வௌவால் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவிதான் அருகே போய்ப் பார்த்தாள். "பறவை. உயிர் இருக்கிறது. நனைந்து போயிருக்கிறது, பாவம்" என்று சொல்லி, கொட்டகையிலிருந்து பழைய பஞ்சாரத்தைக் கொண்டுவந்து கவிழ்த்து, மேலே ஒரு துணியையும் போட்டாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. வழக்கமாக வரும் கோர்ட்டு வரவில்லை. பஞ்சாரத்துக்குள் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

விடிந்ததும் பஞ்சாரத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். ஒரு சாணுக்கும் குறைந்த பறவை. வால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. முதுகு பச்சை, வயிறு வெளிர் மஞ்சள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை, கழுத்தில் வெள்ளை. தோளில் ஒரு நீலம். அந்த நீலத்தை எவ்விதம் சொல்லுவேன்! புரை முற்றிய கண்ணின் வில்லை மஞ்சளாகப் பழுத்து, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன்: அழுக்குத் துணியில் துடைத்தது போல் ஒரு சாம்பல். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தேன்: நீலம். எத்தனை வருஷமாக அந்த நிறத்தை இழந்திருந்தேனோ தெரியாது, இழந்ததும் தெரியாது. மாற்றி மாற்றிக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "இதற்கு ஒரு தத்துவம் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள்" என்றாள் என் மனைவி. ஆகவே சொல்லாமல் விடுகிறேன்.

பறவை இரண்டு தத்து தத்தியது, நின்றது, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மாமரத்தடிச் சருகுக்குள் போய் மறைந்தது. தெரிந்தவர்களிடமெல்லாம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். ஒருவர் மீன்கொத்தி என்றார். ஒருவர் கூண்டிலிருந்து தப்பிய சீமைப் பறவை என்றார்.

அன்று மாலை மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்த நேரம். மாமரத்தடியிலிருந்து கணீரென்று இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை எழுந்தது. சற்று நிறுத்தி, மறுபடியும் அதே இரண்டு சுரம். யாரோ பையன் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடத்துக் கடிகாரம் ஆறு அடித்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கும் அதே சீழ்க்கை. மாலை ஆறு மணிக்கும் அதே. இரண்டு மூன்று நிமிஷம் முன்பின்னாக இருக்கும். எங்கள் கடிகாரம் ஏழு நிமிஷம் பிந்தி ஓடக்கூடியதாகையால், பிசகு யாருடையது என்று நான் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை.

அதுமுதல் காலைச் சீழ்க்கையைக் கேட்பதற்காக ஐந்தரை மணிக்கே எழுந்து தாழ்வாரத்தில் உட்காருவது வழக்கமாயிற்று. ஐந்தரைக்கு எழுகிறவன் ஒன்பதரைக்குப் படுக்காமல் தீராது. படுத்தால் தூக்கம் வந்தது. கோர்ட்டு அடியோடு கலைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில இரவுகளில் கூடும். ஆனால் வாதம் பாதியில் இருக்கும்போதே, 'நாளைக்கு அது சருகைப் புரட்டுவதைப் பார்க்க முடியுமா?' என்று நீதிபதிக்கு வேறு நினைவு வந்துவிடும். மாமரத்து மூலையைச் சுத்தம் செய்யும் பேச்சை என் மனைவியும் விட்டுவிட்டாள்.

அவ்வருஷம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 29-ந் தேதி தொடங்கியதாக வானிலை நிலையத்தார் அறிவித்தார்கள். நவம்பர் 11-ந் தேதி பெய்த மழையை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க முடியாது. சீர்காழியில் மட்டும் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. நூறு வருஷத்தில் இல்லாத மழை என்றார்கள். நட்டு வேர் பிடித்த சம்பாப் பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் நீருக்குள் போயிற்று. எங்கள் கொல்லையும் குளமாயிற்று. இரண்டு வேளையாகச் சீழ்க்கை கேட்கவில்லை. ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள அந்த ஜீவன் எந்தக் கிளையில் ஒண்டியிருக்கிறதோ என்று குடையைப் பிடித்துக்கொண்டு மாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டேன். சீர்காழிக்குக் கிழக்கே என் உடன்பிறந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. அவர் எந்தக் கிளையில் ஒண்டியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் துண்டையும் டெலிபோனையும் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். எண் எனக்கு மறக்கவில்லை.

"யாரு?"

"நான்தான் அண்ணே."

பதில் இல்லை. அங்கே ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் கேட்டது. என் பக்கத்து மழை அவருக்குக் கேட்டிருக்கும்.

"தண்ணி எவ்வளவு நிக்குது?" என்றேன்.

"வயல்லே இடுப்பளவு. வீட்டுக்குள்ளே இன்னும் ஏறல்லே. பயிர் போனது போனதுதான்." சற்று நிறுத்தினார். "அந்த ரெண்டு மாவும் சேர்த்துத்தான் முழுகியிருக்கு. வரப்பே தெரியல்லே."

அதற்கு என்ன சொல்வது? ஆறு வருஷமாக இரவுதோறும் ஒத்திகை பார்த்த வாதங்களில் ஒன்றுகூட அந்தச் சமயத்துக்கு உதவவில்லை. டெலிபோனைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை. "அண்ணே, நம்ம கொல்லைக்கு ஒரு குருவி வந்திருக்கு" என்று என்னையறியாமல் ஆரம்பித்துவிட்டேன். பச்சை முதுகு, நீலத் தோள், சிவப்பு அடிவயிறு என்று அடுக்கினேன். பயிர் முழுகிக் கிடப்பவரிடம் குருவிக் கதை சொல்கிறோமே என்று நாக்கு கூசியது.

"வால் மொட்டையா இருக்குமா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமாம்."

"ஆறு மணிக் குருவிடா அது. அப்பா காட்டினாரே, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலே. நீ அப்போ சின்னப் பிள்ளை. என் தோள்மேலே உட்கார்ந்து பார்த்தே. உனக்கு எங்கே நினைவிருக்கப் போகுது!"

எனக்கு நினைவில்லைதான். "இப்பவும் அங்கேதான் இருக்கு அண்ணே" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

ஐப்பசி கடைசி நாளில் கடைமுழுக்கு முடிந்தது. மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க மாட்டாமல் தாமதமாக வந்து சேர்ந்த முடவன் ஒருவனுக்காக, ஐப்பசி ஸ்நான பலனை இறைவன் இன்னும் ஒரு நாள் நீட்டிக் கொடுத்தார் என்பது ஐதிகம். அன்று மத்தியானம் அண்ணனும் அண்ணியும் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றார்கள். சாப்பிட்டோம். வெள்ள நிவாரணத்தைப் பற்றிப் பேசினோம். மாலையில் அண்ணன் தாமாகவே கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். ஆறு மணி ஆயிற்று. கடிகாரம் அடித்து ஓய்ந்தது. "பயந்து போயிடுத்தோ என்னவோ" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. மாமரத்தடியில் இரண்டு சுரமும் எழுந்தன. அண்ணன் தலையை ஆட்டினாரே தவிர என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் படிக்க அனுமதி கொடுத்தபோது என் மனைவி பீரோச் சாவியை எடுத்து நீட்டினாள். கட்டை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, சலீம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகத்தின் பின்னாளைய பதிப்பு ஒன்றை வரவழைத்துப் படித்தேன். தமிழிலே மா. கிருஷ்ணன் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று வெளியிட்டிருக்கிறார்கள், அதையும் படித்தேன். என் விருந்தாளியின் ஜாதகம் அப்போதுதான் முழுவதும் தெரிந்தது. இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அங்கே மழை ஓய்ந்ததும் இரவு இரவாகப் பறந்து நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். வந்து சேரும் சமயத்தில் களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுவதும் உண்டாம். வடக்கே அதற்கு நவரங்கம் என்று பெயர். ஒன்பது வர்ணம் உண்டா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. நீலத்தை எண்ணிய வரையில் எனக்குத் திருப்தி.

வழக்கு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உடனே ராஜியாகிவிட்டோம் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. இரண்டு மாவைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, எனக்கும் உண்டு. வாய்தாவுக்குப் போகும்போது ஒரே பஸ்ஸில் போனோம். டிக்கெட்டை அவர்தான் வாங்கினார்.

பங்குனி கழிந்து சித்திரை பிறந்தது. 2023-ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மாலை, ஆறு அடித்து, ஆறேகாலும் ஆயிற்று. தென்னையில் குயில்தான் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் சத்தம் இல்லை. ஆறரை மணிக்கு டெலிபோன் அடித்தது.

"கூவிச்சாடா?"

"இல்லை அண்ணே."

"போயிருக்கும். ஐப்பசியிலே வரும். சருகை மட்டும் கூட்டிடாதே."